வார்பேண்டில் ஊருக்கு ஆலை கட்டினால் போட்ட காசு திரும்புமா?

படுவான்கரைப் பொடியன்:

மவுண்ட் அண்ட் பிளேட் வார்பேண்ட் இன்னும் விளையாடுகிற ஆட்கள் யாரும் இருந்தால் ஒரு கணக்குக் கேட்க வேண்டும். கற்பனை நாடுகளில் படை சேர்த்துச் சண்டை பிடிக்கிற, 2010இல் வந்த கேம், பழசுதான். ஆனால் என்னிடம் இருப்பது அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப். வார்பேண்டுக்குப் பிறகு வந்த பேனர்லோர்டைப் போட்டுப் பார்த்தேன். விசிறி அரிசி மில் மாதிரி இரைந்துவிட்டு அப்படியே நின்றுபோனது. வார்பேண்ட் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அதனால் அதுவே போதும் என்று இருக்கிறேன்.

கதை இதுதான். ஸ்வாடியா ராசா ஹர்லாஸிடம் சத்தியம் செய்து பிரபு ஆகிவிட்டேன். அவர் பெருந்தன்மையாகத் தூக்கித் தந்தது யலிபே என்ற ஊர். போய்ப் பார்த்தால் ஐந்தாறு வீடு, ஒரு கிழவர், இரண்டு கோழி. நான் வாங்கிய முதல் மாதத்திலேயே கொள்ளைக்காரர் வந்து குந்திக்கொண்டார்கள், அடித்துத் துரத்தினேன். மறுகா எதிரி நாடான ரோடோக்கின் பிரபு ஒருவன் வந்து சுத்தமாகச் சூறையாடிவிட்டுப் போனான். அப்போது நான் ராசாவின் படைத்தலைவரான மார்ஷலுக்குப் பின்னால் ஏதோ ஒரு கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஊரில் புகை.

இப்போது ஒருமாதிரித் தலையெடுத்து வருகிறது. வாரா வாரம் வருகிற வரியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்: 640, 660, 690, 680. என் ஆட்கள் அறுபது பேர், அவர்களின் வாரச் சம்பளம் ஆயிரத்தை எட்டுகிறது. மிச்சத்தைச் சண்டையில் பிடித்த சாமானை விற்று இழுக்கிறேன். பெட்டியில் 14,000 டெனார் சேர்ந்திருக்கிறது.

கேள்வி இங்கேதான். ஊரை நிர்வகிக்கப் போனால் ஆலை, மாளிகை, காவல் கோபுரம், பள்ளிக்கூடம், தூதஞ்சல் நிலையம் என்று ஐந்து வேலை காட்டுகிறது. ஆலைக்கு என்னிடம் கேட்பது 5,400 டெனார், 57 நாள். செழிப்பு 5 கூடும் என்கிறது. செழிப்புக் கூடினால் வரி கூடும் என்பது விளங்குகிறது. ஆனால் எவ்வளவு கூடும், எத்தனை நாளில் போட்ட முதல் கைக்கு வரும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் நகரத்தில் சாயப்பட்டறை வாங்கலாம், அது 10,000. இரண்டும் சேர்த்து வாங்கக் காசு இல்லை. எதில் போடுவது?

நேற்று இரவு அப்பா வந்து பின்னால் நின்று பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ராசா எனக்கு ஓர் ஊர் தந்திருக்கிறார், சனம் விளைவித்து வரி தரும், நான் அதைத் திருத்த வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். “அப்ப நீ போடியாராயிட்டாய் எண்டு சொல்லு” என்றார். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்காரர். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “வயலுக்குக் கிட்ட இருக்காத போடியாருக்கு நெல்லு எங்க மிஞ்சும்?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மூன்று ஏக்கர் செய்கிற மனுசன், வரம்பு வெட்டப் போட்ட காசையும் உரத்துக்குப் போட்ட காசையும் சுவரில் கரிக்கட்டியால் எழுதுகிறவர். அவரிடம் ஆலைக் கணக்கைக் கேட்டிருக்கலாம் போல.

கல்லடிப் பாலத்தடி:

தம்பி, ஆலையில் கை வைக்காதே.

நான் இந்தக் கேமை எத்தனை தரம் தொடங்கி எத்தனை தரம் விட்டேன் என்று எனக்கே தெரியாது. 2022இல் கரண்ட் வெட்டு நடந்த காலத்தில் பற்றரி தீரும் வரைக்கும் விளையாடிவிட்டு, இருட்டில் படுத்துக்கொண்டு மிச்சத்தை மனதுக்குள் கணக்குப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு ஊரின் செழிப்பு 0இல் இருந்து 100 வரைக்கும் போகும். வரியைப் பார்த்தால், ஏறத்தாழ, செழிப்போடு 20ஐக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் வருகிற தொகை. செழிப்பு நூறாகவே இருந்தாலும் வாரம் 1,200க்கு மேல் ஊர் தராது. உன் கொப்பியில் 680 என்று இருக்கிறது, அப்படியென்றால் உன் ஊரின் செழிப்பு 48 பக்கம் நிற்கிறது. சரியா என்று ஊரில் போய்ப் பார்.

இனி ஆலை. செழிப்பு 5 கூடினால் வாரத்துக்கு 50 டெனார். நீ போடுவது 5,400. வகுத்துப் பார், 108 வாரம். அதாவது 756 நாள், அதுவும் கட்டி முடித்த 57 நாளுக்குப் பிறகு. அந்த இரண்டு வருசத்துக்குள் ஹர்லாஸ் எத்தனை விருந்து வைப்பார், எத்தனை நகரத்தைத் தொலைப்பார் என்று யோசி. நடுவில் ஒரே ஒரு தரம் ஊர் சூறையாடப்பட்டாலும் செழிப்பு தலைகீழாக விழும், நீ கூட்டிய ஐந்து எங்கே போனது என்றே தெரியாது.

ஆலையின் விலையைக் குறைக்க வழி இருக்கிறது. கூட்டத்தில் யாருக்காவது பொறியியல் திறன் இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விலையில் இருபதில் ஒரு பங்கு கழியும். ஆலையின் முழு விலை 6,000. உனக்கு 5,400 என்று காட்டுகிறது என்றால் உன் ஆட்களில் நல்லவனுக்கு 2 இருக்கிறது. சாராயக் கடைகளில் ஆர்ட்டிமென்னர் என்று ஒருவன் இருப்பான், பொறியியல் தெரிந்தவன், அவனைச் சேர்த்துக்கொள். 5 புள்ளி வரைக்கும் ஏற்றினால் ஆலை 4,500க்கு முடியும். முடிந்தாலும் என்ன, 90 வாரம். போடக்கூடிய முதலா அது?

சாயப்பட்டறை அப்படி இல்லை. வாங்குவதற்கு முன்பே நகரத்து வணிகர் சங்கத் தலைவரான கில்ட் மாஸ்டர் இன்றைய விலைக்கு வாரத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லிவிடுவார். நான் கண்ட அளவில் ஐந்நூறு பக்கத்தில் நிற்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். 10,000 போட்டால் இருபது, இருபத்தைந்து வாரத்தில் போட்ட காசு வீட்டுக்கு வந்துவிடும். கொள்ளைக்காரன் வந்து எரிக்கமாட்டான், போய்ப் பார்க்கவும் தேவையில்லை. ஒரு நகரத்தில் ஒன்றுதான் வாங்கலாம், ஆகவே ஒன்றின் இலாபத்தில் அடுத்த நகரம் என்று போ. காசு குறைவாக இருந்தால் பியர் வடிக்கிற இடம் 2,500, இரும்புப் பட்டறை 3,500. அவற்றிலும் தொடங்கலாம், பிழையில்லை.

திரிம் நகரத்தில் மட்டும் வாங்காதே. வரைபடத்தின் நடுவில் கிடக்கிற நகரம், எல்லாருக்கும் அதில் கண்.

மருதமுனைத் தறிக்காரன்:

கல்லடித் தம்பியின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் சாயப்பட்டறை என்றதும் எனக்குக் கை அரிக்கிறது, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் ஊர் கைத்தறிக்குப் பேர் போன ஊர். வாப்பாவின் காலத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு தறி ஓடியது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாலும் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டை நிறுத்தினோம். நூல் எடுத்து, சாயம் காய்ச்சி, முக்கி, உலர்த்தி, பாவு ஓட்டி சாரம் நெய்கிற வீடு இது. என் மகன் இந்தக் கேமை எனக்குக் காட்டியபோது நான் முதலில் தேடியதே சாயப்பட்டறை எங்கே என்றுதான். பையன் சிரித்தான்.

அதில் விளங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டறை வெல்வெட் செய்கிறது. அதற்குப் பச்சைப் பட்டும் வேண்டும், சாயமும் வேண்டும். இரண்டையும் அந்த நகரத்துச் சந்தை விலைக்கு வாங்கி, வெல்வெட்டை அதே சந்தையில் விற்றுத்தான் உனக்குக் கணக்குக் கொடுக்கும். பட்டின் விலை ஏறினால் இலாபம் இறங்கும். நீ வாங்கிய அன்றைக்குக் கில்ட் மாஸ்டர் சொன்ன தொகையை வருசம் முழுக்க வரும் என்று எழுதி வைக்காதே. எங்களுக்கு 2022இல் இதே கதிதான். டொலர் இல்லாமல் நூலும் சாயமும் விலை ஏறினது, சாரத்தின் விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியுமா? வாங்குகிறவரின் கையிலும் காசில்லை. தறி ஓடும், ஆனால் கூலி மிஞ்சாது.

கேமில் அதற்கு மருந்து உண்டு, நிஜத்தில்தான் இல்லை. பட்டு மலிவாகக் கிடைக்கிற நகரத்துக்குப் போகும்போது நாலைந்து கட்டு வாங்கிக் குதிரையில் போட்டுக் கொண்டுவந்து பட்டறைக் களஞ்சியத்தில் இறக்கிவிடு. அந்த வாரம் பட்டறை சந்தையில் வாங்காது. வெல்வெட்டையும் அங்கேயே விற்காமல் எடுத்து வைக்கச் சொல்லலாம், பிறகு நல்ல விலைக்கு நீயே விற்கலாம். சோம்பல் இல்லாத ஆளுக்கு இது நல்ல வேலை. எனக்குச் சோம்பல் இல்லை, ஆனால் கேமில் போய் மூட்டை சுமக்க வேறு வேண்டுமா என்று ஒரு வாரத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது, பட்டறை இருக்கிற நகரத்தோடு உன் ராசா போர் தொடங்கினால் பட்டறையை முடக்கி வைத்துவிடுவார்கள். போர் முடியும் வரைக்கும் ஒரு சதம் வராது. எனக்கு வெலூக்காவில் அப்படித்தான் ஆனது. வாங்கிப் பதினைந்து நாள் இல்லை, ரோடோக்கோடு போர். பத்தாயிரம் அங்கே சிறையில் இருக்க நான் வெளியே நின்று வெறும் வாயை மென்றேன். நீ ஸ்வாடியாக்காரன் என்றால் ஸ்வாடியா நகரத்தில் வாங்கு, பிராவன் அல்லது சுனோ. அந்த நகரமே எதிரியின் கைக்குப் போனால் வேறு கதை, ஆனால் அது தினமும் நடக்காது.

கடைசியாக ஊர் பற்றி. ஊரை வரிக்காக மட்டும் பார்க்காதே தம்பி. ஊர் ஆள் தருகிறது. ஓர் இளந்தாரிக்குப் பத்து டெனார், உறவு கூடக் கூட வருகிற ஆட்களின் தொகையும் கூடும், தரமும் கூடும். ஸ்வாடியாவின் குதிரை வீரன் கடைசிப் படிக்குப் போனால் எதிரே நிற்க ஆள் இல்லை, அவன் எல்லாம் இப்படியான ஊரில் கோழி துரத்திய பொடியன்தான். ஆனால் அந்த உறவுக்காகப் பள்ளிக்கூடம் கட்டாதே. 9,000 கேட்கும், மாதத்துக்கு உறவு ஒரு புள்ளி கூடும், வருசம் முழுக்கப் பன்னிரண்டு. கிழவரிடம் போய் வேலை இருக்கா என்று கேள். மாடு கொண்டுவா, தானியம் கொண்டுவா, எங்கள் பொடியன்களுக்குக் கம்பு சுற்றப் பழக்கு என்று எதையாவது சொல்லுவார். செய்து கொடு. மலிவு.

படுவான்கரைப் பொடியன்:

நன்றி தறிக்காரக் காக்கா, நன்றி கல்லடி அண்ணன். செழிப்பைப் போய்ப் பார்த்தேன், 48 பக்கம்தான் நிற்கிறது. அண்ணன் மாயமந்திரக்காரர்.

108 வாரம் என்றதும் பெருமூச்சு வந்தது. அப்படியென்றால் இந்த ஐந்து கட்டிடமும் சும்மா பார்வைக்கு வைத்திருப்பதா? ஒன்றாவது காசைத் தருமா?

களப்பு மீன்:

மச்சான், ஆலைக் கதையில் ஒரு பகிடி இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டேல்வேர்ல்ட்ஸ் கம்பனி, துருக்கியில் அங்காராக்காரர், மாட், அதாவது கேமை மாற்றியமைத்த பதிப்பு, செய்கிறவர்களுக்காகக் கேமின் உள்வேலையைப் பைதன் கோப்புகளாகவே வெளியிட்டிருக்கிறார்கள். மொடியூல் சிஸ்டம் என்று பெயர். கம்பஸில் படிக்கிற காலத்தில் மாட் செய்யப் போகிறேன் என்று இறங்கி, ஒரு மாட்டும் செய்யாமல் மூன்று மாதம் அதை வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஆலையின் பெயர் ஆலை இல்லை. மீன் குளம்! திரையில் ஆலை என்று காட்டுகிறது, உள்ளே பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. களப்போரத்தில் பிறந்தவன் நான், அதைக் கண்டதும் கேம் என்னோடு பேசின மாதிரி இருந்தது. அந்தக் குளம் செய்வதெல்லாம் ஊர் எட்டக்கூடிய செழிப்பின் அளவை ஐந்தால் தூக்கி வைப்பது. ஊர் அந்த அளவை நோக்கி மெல்ல மெல்ல நகரும், உடனே ஏறாது. ஆகவே 108 வாரம் என்பதும் நல்ல நிலைமைக்கான கணக்கு. வரிச் சூத்திரம் அண்ணன் சொன்னதுதான், உள்ளேயும் அப்படியே எழுதியிருக்கிறது.

ஆனால் அண்ணன் ஒரு பக்கத்தைப் பார்க்கவில்லை. ஆலை வரவைக் கூட்டுகிற கட்டிடம். காவல் கோபுரமும் தூதஞ்சல் நிலையமும் செலவைத் தடுக்கிறவை. இரண்டையும் ஒரே கொப்பியில் போட்டுப் பார்க்கக்கூடாது.

கோபுரம் 5,000, உன் 2 புள்ளிக்கு 4,500. எதிரி ஊரைக் கொள்ளையிட எடுக்கிற நேரத்தை ஒன்றரை மடங்கு ஆக்கும். தூதஞ்சல் 4,000, உனக்கு 3,600. எதிரி ஊருக்குக் கிட்ட வந்தாலே உனக்குச் செய்தி வரும், நீ வரைபடத்தின் எந்த மூலையில் நின்றாலும். இனி ஒரு சூறையாடலுக்கு உனக்கு என்ன நட்டம் என்று போடு. ஊர் எரிந்து கிடக்கிற வாரங்களில் வரி பூச்சியம். நாலு வாரம் என்று வைத்தாலும் உன் கணக்கில் 2,700 போனது. பிறகு தலையெடுக்கிற வாரங்களில் 680க்குப் பதில் முந்நூறும் நானூறும் வரும், அதில் இன்னும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. ஒரு தரத்துக்கு நாலாயிரம் டெனார். இரண்டு சூறையாடலைத் தடுத்தால் இரண்டு கட்டிடத்தின் காசும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. உன் ஊர் எல்லைப் பக்கம், இரண்டு சூறையாடல் வர ஒரு வருசம் போதும்.

வெல்லாவெளிப் பக்கம் எங்கள் மாமா வேளாண்மை செய்கிறார். யானை வருகிற இடம். மரத்தில் பரண் கட்டி இரவில் காவல். பரணுக்குப் போகிற செலவில் ஒரு மூடை நெல்லும் கூடுதலாக விளையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பரண் இல்லாத வருசம் யானை ஒரே இரவில் முக்கால் ஏக்கரை மிதித்துவிட்டுப் போனது. கோபுரத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மாளிகையை மறந்துவிடு, 8,000. அதில் தங்கியிருந்தால் ஆட்களுக்கு அரைச் சம்பளம்தான். ஆனால் தங்கியிருக்கிற ஆளுக்குச் சண்டை இல்லை, சண்டை இல்லாதவனுக்கு வரவும் இல்லை.

கல்லடிப் பாலத்தடி:

மீன் நன்றாகப் பேசுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பரணில் ஆள் இருக்கிறது, சரி. யானை வருகிறது, பரண்காரன் கத்துகிறான், அதுவும் சரி. வெடி போட வேண்டிய மனுசன் கல்முனைச் சந்தையில் நின்றால்?

இந்தத் தம்பி மார்ஷலுக்குப் பின்னால் அலைகிற ஆள். செய்தி வரும்போது அவர் நாலு நாள் தூரத்தில் இருப்பார். கொள்ளை ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தாலும் அவர் வந்து சேரும்போது எதிரி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். கோபுரம் காசு தரும் என்றால் அது கிட்ட இருக்கிற ஆளுக்குத் தரும். தம்பியின் அப்பா இதை ஒரு வரியில் சொல்லிவிட்டார், நாங்கள்தான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மண்முனையில் பாலம் இல்லாத காலத்தில் பாதையில்தான், அதாவது களப்பைக் கடக்கிற மிதவைப் படகில்தான், படுவான்கரைக்குப் போய்வருவோம். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் நெருப்புப் பிடித்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது விளங்காது. கேமில் பாலம் கட்ட வழி இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

களப்பு மீன்:

ஒத்துக்கொள்கிறேன். மார்ஷல் கூப்பிடும்போது போகாமல் இருந்தால் என்ன?

கல்லடிப் பாலத்தடி:

போகாமல் இருந்தால் ராசாவுக்கு முகம் கறுக்கும். அடுத்த கோட்டை வேறு ஆளுக்குப் போகும். ஆனால் அடுத்த கோட்டையும் வாரத்துக்கு உச்சமாக 1,200தான், அதற்குக் காவல் ஆட்களின் சம்பளம் வேறு. நிலம் கூடக்கூட வரி வசூலில் கழிவும் கூடும், வாரக் கணக்கில் தனி வரியாகவே கழித்துக் காட்டும். பார்த்திருப்பாய்.

படுவான்கரைப் பொடியன்:

பத்து நாள் கழித்து வருகிறேன். இடையில் வெட்டு நேரம், வயலில் நின்றேன். இயந்திரம் இறங்கி வெட்டினாலும் களவெட்டியில் ஆள் வேண்டும். லேப்டாப்பைத் தொட இரவு பத்து மணியாகும், அரை மணியில் கண் சொருகும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு சேவ் வைத்து, இரண்டு வழியும் விளையாடிப் பார்த்தேன்.

முதல் சேவில் சுனோவில் சாயப்பட்டறை. வாங்கிய அன்று கில்ட் மாஸ்டர் சொன்னது 520. வந்தது: 512, 470, 390, 455, 498. மூன்றாவது வாரம் ஏன் இறங்கியது என்று போய்ப் பார்த்தேன், பட்டின் விலை ஏறியிருந்தது, காக்கா சொன்ன அதே கதை. ஐந்து வாரத்தில் 2,325. ஊர்ப் பக்கம் நான் எட்டியும் பார்க்கவில்லை, மார்ஷலோடு போனேன். ஆறாவது வாரம் யலிபே எரிந்தது. பட்டறை தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சேவில் கோபுரமும் தூதஞ்சலும், 8,100. கட்டி முடியக் கிட்டத்தட்ட மூன்று மாதம், ஒன்று முடிந்தால்தான் மற்றது தொடங்கலாம். முடிந்ததும் மார்ஷல் கூப்பிட்டார், மீன் சொன்னபடி போகவில்லை. ஊருக்கும் சுனோவுக்கும் நடுவில் கொள்ளைக்காரரைத் துரத்திக்கொண்டு நின்றேன். இரண்டு கிழமை ஒன்றும் இல்லை, ராசாவின் உறவுதான் இறங்கியது. எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு ஓர் இரவு செய்தி வந்தது, யலிபேக்குக் கிட்ட எதிரி என்று. அரை நாள் தூரம்தான். அடித்துக்கொண்டு போனேன். ரோடோக் பிரபு எழுபது ஆளோடு ஊருக்குள் நிற்கிறான், கொள்ளை இன்னும் முடியவில்லை. என் ஆட்களில் பதினெட்டுப் பேர் விழுந்தார்கள், ஆனால் அவனைப் பிடித்துவிட்டேன். ஊர் எரியவில்லை. அவனிடம் இருந்து எடுத்த சாமானை விற்றதில் மட்டும் 1,900, மீட்புப் பணம் இன்னும் பேசவில்லை. இதை எந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபுரத்தின் வரவா, என் வாளின் வரவா?

கணக்கில் பட்டறைதான் வென்றது, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் விளையாடிக்கொண்டிருப்பது இரண்டாவது சேவை. இப்போது அதிலும் 6,000 சேர்ந்துவிட்டது, இன்னும் நாலாயிரம் வந்ததும் சுனோவுக்குப் போவேன்.

அப்பாவிடம் அந்தச் சண்டையைக் காட்டினேன். கடைசி வரைக்கும் நின்று பார்த்தார். ஊர்க் கிழவர் வந்து நன்றி சொல்கிற இடத்தில், “இவர் வட்டவிதானையோ?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வயல், தண்ணீர்க் காரியங்களைப் பார்க்கிற பொறுப்பாளர் அவர். ஓம் என்றேன். “அவருக்கு ஏதும் குடுத்தியா?” என்றார். அதற்கு கேமில் பொத்தான் இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

மருதமுனைத் தறிக்காரன்:

மீட்புப் பணத்தை முதலில் கேட்கிற விலைக்கே விட்டுவிடு தம்பி. நான் கூடுதலாகக் கிடைக்கும் என்று வைத்திருந்து, ஆள் இரவோடு இரவாக ஓடிப்போய்விட்டான்.